நான் சொல்லாத வார்த்தை

கேரளத்தில் கழக்கூட்டம் பகுதியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுப்பது என் வேலை. கம்பெனிக்காரர்கள் என்னை 'பார்ட்னர்' என்கிறார்கள். ஹோட்டல்களில் ஆர்டர் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஃபிளாட் வாசல்களில் நான் வெறும் 'டெலிவரி'.

அதற்கு முன்னால் பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்பதுதான் சரியான சொல். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை உட்காரக் கூடாது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று கேரளத்தில் சட்டம் வந்தபோது, முதலாளியே ஆள் வைத்து எங்கள் கவுண்டருக்குப் பின்னால் மர ஸ்டூல்களைக் கொண்டு போட்டார். அன்று முழுக்க யாரும் உட்காரவில்லை. கூச்சம். மறுநாள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், முதலாளியைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள். சட்டம் என்பது கோர்ட்டிலும் கறுப்புக் கோட்டிலும் இருப்பது என்று நினைத்திருந்தவள் நான். அன்றைக்கு அது என் முட்டிவலிக்கு மருந்தாக வந்தது.

முதலாளியின் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது கடையும் மூடப்பட்டது. என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. இந்த வேலையில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சாலை பஜாரில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். எங்கள் இருவருக்குமே சொந்த ஊர் பாறசாலைக்கு அப்பால், மாநில எல்லையை ஒட்டி. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்குக் கொஞ்சம் தயக்கம்.

"ஹெல்மெட் போட்டா ஆளு யாருன்னு தெரியாது, கேட்டியா" என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

"தெரிஞ்சா என்ன?" என்றேன்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஐ.டி. பார்க்கின் பின்பக்கம், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. அதன் முன்பக்கத்தில் கண்ணாடி பதித்த இரண்டு லிஃப்டுகள். அவை குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் என்று மேலே ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. பின்பக்கம் குப்பை வைக்கும் இடத்தை ஒட்டி இன்னொரு லிஃப்ட். எங்களைப் போன்றவர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், பெயிண்டர், சிமெண்ட் மூட்டை எல்லாம் அதில்தான் போக வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் அந்தப் பின் லிஃப்ட் பழுதாகிவிட்டது. சரிசெய்ய ஒருவரும் அவசரப்படவில்லை. அதில் போகிறவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லையே. நாங்கள் படியேறினோம். அந்த வாரத்தில் நானே பலமுறை ஏறினேன்.

அன்று மதியம் நல்ல மழை. பன்னிரண்டாவது மாடிக்கு பிரியாணி. ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனேன். முன் லிஃப்ட் கதவு திறந்தபடி காலியாக நின்றது. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் எழுந்து கையை விரித்தார்.

"வேண்டா சேச்சி. என்டெ ஜோலி போகும்."

தன் வேலை போய்விடும் என்று அவர் சொன்னது உண்மைதான். அவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அன்று அந்தப் படிகளை ஏற எனக்கு மனம் வரவில்லை. களைப்பினால் அல்ல. காலியான ஒரு லிஃப்ட் கண்முன்னே நிற்க, அதை ஒட்டிய படிகளில் மூச்சுவாங்க ஏறுவதா என்று நின்றுவிட்டேன். வாடிக்கையாளரை ஆப் வழியாக அழைத்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். சார், பின் லிஃப்ட் வேலை செய்யவில்லை, நான் கீழே லாபியில் நிற்கிறேன், தயவு செய்து வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று மலையாளத்தில் கேட்டேன்.

"படி இல்லே அவிடெ? கயறி வா. அதினல்லே பைசா தருன்னது?" என்றார் அவர். படி இருக்கிறதல்லவா, ஏறி வா, அதற்குத்தானே காசு.

"நான் கீழேயே நிற்கிறேன் சார்" என்றேன். அவர் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம். நான் மறுபடியும் கீழேயே நிற்கிறேன் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அப்போதுதான் படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். குப்பைப் பையைக் கையில் பிடித்திருந்தாள். ஏழாவது மாடியில் ஒரு வீட்டில் சமையலுக்கு வருகிறவள். முன்பு சில தடவை படிக்கட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறோம். நான் மலையாளம் பேசிய விதத்திலேயே தமிழச்சி என்று கண்டுகொண்டாள் போலிருக்கிறது.

"கொண்டா தங்கச்சி, நான் மேல ஏத்திக் கொடுக்கேன். எனக்கு இந்தப் படி பழக்கந்தான்."

"வேண்டாம் அக்கா. நீங்க எதுக்கு ஏறணும்? அவரு வரட்டும்."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். லிஃப்ட் மேலே போய்த் திரும்பி வந்தது. அவர் வெளியே வந்தார், பொட்டலத்தைப் பிடுங்குவதுபோல் வாங்கினார், போய்விட்டார்.

அன்று மாலை ஆப்பைத் திறந்தால் என் ஐடி முடக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளரிடம் ஆபாசமான வார்த்தை பேசியதாகப் புகார் என்று ஒரு வரி. புகார் கொடுத்தவரின் பெயர் இல்லை. பேசிய வார்த்தை என்னவென்றும் இல்லை.

வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. "நீயா? கெட்ட வார்த்தையா?" என்றார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் அந்தப் பழி எவ்வளவு கனம் என்று எனக்குப் புரிந்தது. வேலை போவது ஒரு கஷ்டம். அது எனக்குப் பழகிய கஷ்டம். வாயில் வராத வார்த்தையைச் சொன்னவளாக எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் என் படத்தோடு பதிந்து கிடப்பது வேறு.

ஆப்பில் உதவி கேட்டேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. நடந்ததை எழுதினேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று வந்தது. நீங்கள் மனிதரா என்று கேட்டேன். அதற்கும் வருந்தினார்கள்.

மறுநாள் காலை மேம்பாலத்துக்குக் கீழே நாங்கள் ஆர்டருக்காகக் காத்துக் கிடக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே எங்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, இப்போது பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இதெல்லாம் பதிவா சேச்சி. சேட்டன்டெ பேரில் வேறெ ஐடி எடுத்தால் மதி."

இதெல்லாம் வழக்கம்தான், புருஷன் பெயரில் இன்னொரு ஐடி வாங்கிவிடு என்கிறார். அப்படித்தான் பலரும் செய்கிறார்கள். அண்ணன் பெயரில், மச்சான் பெயரில் ஓடுகிறார்கள்.

"எனக்க பேருக்கு என்ன குறை அண்ணா?" என்றேன். "நான் லேபர் ஆபீஸுக்குப் போகப் போறேன்."

அவர் சிரித்தார். நம்மை யாரும் தொழிலாளி என்றே ஒத்துக்கொள்வதில்லை, அங்கே போய் என்ன சொல்வாய் என்றார். எனக்கும் தெரியவில்லை. மரஸ்டூல் வந்த வழி அதுதான் என்பது மட்டும் தெரியும். கடைசியில் அவரே பைக்கைக் கிளப்பி, "வா, ஞானும் வராம்" என்று கூட வந்தார்.

லேபர் ஆபீசர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நாங்கள் நின்றுகொண்டே சொல்லத் தொடங்கியதும் "இருக்கூ, இருந்நிட்டு பறயூ" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒளிக்காமல் பேசினார். சமூகப் பாதுகாப்புக்கான புதிய சட்டத்தில் உங்களைப் போல ஆப் வழி வேலை செய்கிறவர்களுக்கு முதல்முறையாக ஓர் இடம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் போன்றவற்றுக்கு அதில் வழி உண்டு. ஆனால் ஐடியை முடக்கினால் என்னால் உத்தரவு போட்டுத் திறந்துவிட முடியாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வைக்க முடியும். அவர்கள் வருவார்களா என்பது வேறு விஷயம்.

"சாட்சி உண்டோ?" என்றார்.

உண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று உறைத்தது.

அன்று பிற்பகல் அந்தக் குடியிருப்பின் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வேலை முடிந்து அவள் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிழற்குடையில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் ஏற வேண்டிய பஸ் ஒன்று வந்து போனது, அடுத்ததும் போனது. எந்த ஊர் அக்கா என்று கேட்டேன்.

"போணக்காடு. விதுரைக்கு மேல, தேயிலைத் தோட்டம். பாட்டன் காலத்துல திருநெல்வேலிப் பக்கமிருந்து கூட்டிட்டு வந்தாங்களாம். நான் பொறந்தது அங்க லயத்து வரிசை வீட்டுல." தோட்டம் படுத்துப் போனதும் வேலை தேடி இங்கே வந்ததாகச் சொன்னாள். "எங்க அம்மா கொழுந்து கிள்ளினவ. அவளுக்கு யூனியன் இருந்தது. பிரசவத்துக்கு லீவு இருந்தது. துரை ஏசினா, மறுநாள் தோட்டத்துல ஒருத்தியும் கூடையத் தூக்க மாட்டா. எனக்கு என்ன இருக்கு சொல்லு? நான் பாக்குற வேலைக்கு ஆபீஸும் இல்ல, கொடியும் இல்ல."

இன்னொரு பஸ் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வந்து சொன்னா, அந்த ஃபிளாட் அசோசியேஷன்காரன் என்ன நாளைக்கு கேட்டுக்குள்ள விட மாட்டான். அப்ப அந்த ஆபீசர் அம்மா எனக்காகவும் கேப்பாங்களா?"

பொய் சொல்லி அவளை அழைத்துப் போக எனக்கு விருப்பமில்லை. "தெரியல்ல அக்கா. வீட்டு வேலைக்காரங்களுக்கு அந்த அளவுக்குச் சட்டம் இல்லன்னுதான் தோணுது" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேடி உண்டு தங்கச்சி. பயம் இல்லாம இல்ல. ஆனா காதால கேட்டத கேக்கலன்னு எப்பிடிச் சொல்லுவேன்? நீ அவன சார் சார்னுதான் சொன்ன. வாறேன்."

லேபர் ஆபீசர் கூப்பிட்ட கூட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். வருவார் என்று நானே நம்பவில்லை. கொச்சியிலிருந்து வந்த இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை. இத்தனை நாளில் அந்தக் கம்பெனியின் முகம் என்று நான் நேரில் கண்டது அவரைத்தான். மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். மேலே இருந்து சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். இவர் எங்கள் ஊழியர் அல்ல, பார்ட்னர். ஒப்பந்த விதிகளை ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார். வாடிக்கையாளர் புகார் வந்தால் சிஸ்டம் தானாகவே முடக்கும்.

"பார்ட்னராணெங்கில், ஒரு வாக்கு சோதிக்கண்டே?" என்றார் ஆபீசர். பார்ட்னர் என்றால் முடக்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

அந்த இளைஞர் லேப்டாப்பைப் பார்த்தார்.

அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்லலாம் என்றார்கள். "நின்னே சொல்லுறேன்" என்றாள். மலையாளமும் தமிழுமாகக் கலந்து, தான் எந்தப் படியில் நின்றாள், போனில் அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் நிறுத்தி, "அத நான் சொல்ல மாட்டேன், ஆனா அது இவ வாயில வரல்ல. போன்லேர்ந்து வந்தது" என்றாள். கூட வந்திருந்த வளைகுடா அண்ணன் தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆப் வழியாகப் பேசும் அழைப்புகள் பதிவாகுமே, அதை யாராவது கேட்டீர்களா என்று ஆபீசர் கேட்டார். இளைஞர் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. ஐடியைத் திறந்துவிட்டோம், அது ஒரு டெக்னிக்கல் பிழை என்றார்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். போதும், எழுந்திரு என்று அர்த்தம். நான் எழுந்திருக்கவில்லை.

"டெக்னிக்கல் பிழை இல்ல சார்" என்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன், என் எல்லைப்புறத் தமிழ் வாடை அடிக்கிற மலையாளத்தில். "நான் ஆபாசமாப் பேசினேன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. நான் பேசல்ல. அத இங்க, இவங்க முன்னால சொல்லுங்க."

அந்த இளைஞர் லேப்டாப்பை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "நிங்ஙள் அங்ஙனெ பறஞ்ஞிட்டில்லா. ஞங்ஙளுடெ தெற்றாணு. க்ஷமிக்கணும்" என்றார். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, தவறு எங்களுடையது. அவர் குரலில் அலுவலகம் இல்லை. மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இனி இந்த நகரத்தில் புகாரின் பேரில் யாரையும் முடக்குவதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்பதாகவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.

வெளியே வந்து மூவரும் டீ குடித்தோம். அக்கா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். "எங்க அம்மா இருந்திருந்தா பாத்திருப்பா" என்றாள்.

அவள் பயந்தது மறுநாள் காலையே நடந்தது. அவள் சாட்சி சொன்னது காதுக்கு எட்டி, அசோசியேஷன் செயலாளர் அவளை கேட்டில் நிறுத்திவிட்டார். குடியிருப்பின் மானத்தைத் தெருவில் போட்டவளை உள்ளே விட முடியாது என்றாராம். அவள் எனக்குப் போன் செய்தாள். நான் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, வளைகுடா அண்ணனுக்கும் சொல்லிவிட்டு, அங்கே ஓடினேன்.

நான் எதிர்பார்த்தது அழுதுகொண்டு தனியே நிற்கும் ஒருத்தியை. அங்கே இருந்தது வேறு காட்சி. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அவளோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். காலையில் ஒவ்வொருத்தியாக வந்திருக்கிறார்கள், விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள், உள்ளே போகாமல் நின்றுவிட்டார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் டெலிவரிக்காரர்களும் வண்டிகளை ஓரம் கட்டி அவர்களுக்குப் பின்னால் நின்றோம். எங்கள் மேல் வெயில் ஏறியது. கட்டடத்துக்குள் பாத்திரங்கள் கிடந்தன, குழந்தைகளுக்கு டிபன் கட்ட ஆளில்லை, படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குக் கஞ்சி இல்லை. பால்கனிகளில் தலைகள் தோன்றின.

ஒரு பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகக் கிளம்பினாள். அவள் பார்த்துக்கொள்வது பக்கவாதத்தில் படுத்த ஒரு முதியவரை. அக்காவே அவளை அனுப்பினாள். "நீ போ. அவருக்கு யாரு இருக்கா. நாங்க நிக்கோம்."

செயலாளர் இறங்கி வந்தார். லிஃப்டில் கூட்டம், ஈரம், வாடை, பராமரிப்புச் செலவு என்று பேசினார். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"பத்தாவது மாடி நாய்க்குட்டி அந்த லிஃப்டுலதான் போகுது சாரே. நனஞ்சிட்டும் போகுது."

சிரிப்பை அடக்க முடியாமல் முதலில் சிரித்தது செக்யூரிட்டி அண்ணன்தான். பிறகு அவர் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் அக்கா வேலை செய்யும் வீட்டு அம்மா, ரிட்டயரான ஆசிரியை, கைத்தடியோடு வந்துவிட்டார். அவர் யாருடனும் விவாதிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, "வா, சமயமாயி" என்று கூட்டிக்கொண்டு முன் லிஃப்டை நோக்கி நடந்தார். செயலாளர் வழிமறிக்கவில்லை. மற்றப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். லிஃப்டில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. மீதிப் பேர் அது திரும்பி வரும்வரை சிரித்துக்கொண்டு நின்றார்கள். முன் லிஃப்டின் மேல் ஒட்டியிருந்த அந்த எச்சரிக்கைத் தாளை அன்று மாலை யாரோ கிழித்துவிட்டார்கள். திரும்ப ஒட்டப்படவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வண்டியிலிருந்து விழுந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னும் பாதிதான் தெளிவு. அக்காவைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்துப் பெண்கள் இப்போது மாதத்துக்கொரு முறை பக்கத்து வாசகசாலையில் கூடுகிறார்கள். முதல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நான் இன்ன வீட்டுல நிக்கேன்" என்றுதான் முதலில் எழுந்தவர்கள் சொன்னார்கள். அக்காவின் முறை வந்தது. "நான் வீட்டுத் தொழிலாளி. ஏழாவது மாடியில சமையல்" என்றாள். அதற்குப் பிறகு பேசியவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லையே சொன்னார்கள்.

அவர்கள் முதலில் கேட்டது கூலி உயர்வு அல்ல. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. சில வீடுகள் முகம் சுளித்தன, சில வீடுகள் உடனே ஒத்துக்கொண்டன. பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

"என்ன அக்கா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. குளிச்சேன். துணி துவச்சேன். இப்ப உக்காந்திருக்கேன்." என்றாள். "சும்மா உக்காந்திருக்கேன். யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்தது."

"இருங்க அக்கா" என்றேன். "நல்லா இருங்க."